படம் போன இடத்துக்கெல்லாம் குரலும் போக வேண்டுமா?

கம்ப்யூட்டரில் டி.வி.யை இணைத்தால் படம் டி.வி.க்குப் போகிறது. நல்லது, அதற்காகத்தான் ஒயரைச் செருகினோம். கூடவே சத்தமும் எழுந்து டி.வி.க்குப் போய்விடுகிறது. அதை யார் கேட்டார்கள்? காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்டதா அந்த இயந்திரம்? இல்லை. ஒயரைச் செருகியதையே சம்மதக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டு சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இது ஒரு விஷயமா, இதற்கு ஒரு பதிவா என்று சிலர் சிரிப்பார்கள். 30 வயதுக்காரருக்கு இது இரண்டு கிளிக் சமாச்சாரம். அவருக்காக நான் எழுதவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைத் திரையில் மட்டுமே பார்க்க வாய்த்திருக்கிற நம் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

நம் புதுச்சேரியில் எத்தனை வீடுகளில் இன்று கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மகன் பாரிசில், மகள் லியோனில், பேரன் எங்கேயோ துலூசில். வக்கான்ஸுக்கு வந்தால் மூன்று வாரம் வீடு நிறையும். மீதி நாளெல்லாம் வீடியோ காலில்தான் உறவு. அங்கே மாலை 6 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை, கோடையில் ஒன்பதரை. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பலகாரம் தின்று, பாடம் எழுதி முடித்து நம் முன்னால் வந்து உட்காரும்போது இங்கே தெருவே அடங்கியிருக்கும். பக்கத்து அறையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு லேப்டாப் திரை போதாது. அதனால் டி.வி.யில் போட்டுப் பார்க்கிறோம். பேத்தியின் விழுந்த பல் கூடத் தெரிகிறது. ஆனால் காதின் கதை வேறு. இந்தக் காலத்துத் தட்டை டி.வி.களில் ஸ்பீக்கர் முன்பக்கம் இருப்பது அபூர்வம்; அடியில் இருக்கும், இல்லை முதுகில் இருக்கும். சத்தம் சுவரில் முட்டி, மின்விசிறிக் காற்றில் கலைந்து, கூடத்தில் சுற்றிவிட்டு நம் காதுக்கு வந்து சேரும்போது அதில் ஓசை இருக்கும், சொல் இருக்காது. மந்தமான காதுக்கு ஹெட்ஃபோன்தான் துணை. ஆக, நம் கண்ணுக்குப் படம் பெரிதாக வேண்டும், நம் காதுக்குக் குரல் பக்கத்தில் வேண்டும். இரண்டும் வேறு வேறு தேவை. படம் எங்கே போகிறதோ அங்கேதான் குரலும் போகும் என்று முடிச்சுப் போட்டவன், வயதானவர் யாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த முடிச்சைப் போட்டிருக்க மாட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மையார் இருக்கிறார். லேப்டாப் திரை தெரியவில்லை என்று உள்ளூரில் ஒரு மானிட்டர் வாங்கி மாட்டிக்கொண்டார். அன்று இரவு மகள் பேசுகிறாள். வாய் அசைகிறது, குரல் வரவில்லை. வாலிபனாக இருந்தால் அந்த நிமிஷம் கம்ப்யூட்டரைத் திட்டுவான். நம் வயதுக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது நம் காதைத்தான். காது மெஷினைக் கழற்றிப் பார்த்தார், பேட்டரி மாற்றினார், பலன் இல்லை. மகள் மனம் நோகக் கூடாதே என்று, "சரிம்மா, சரிம்மா" என்று 10 நிமிஷம் தலையாட்டிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் அந்தப் பெண் இங்கிருக்கும் சித்திக்குப் போன் போட்டு, "அம்மாவுக்குக் காது சுத்தமாப் போயிடுச்சா? ஏன் எங்கிட்ட யாரும் சொல்லலை?" என்று அழுதிருக்கிறாள். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் புது மானிட்டருக்குப் போயிருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது!

ஸ்பீக்கர் இல்லாத பெட்டிக்குச் சத்தத்தை அனுப்பும் புத்திசாலித்தனம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் பார்த்தேன். சுவையான கதை.

பழைய மானிட்டர்களை நினைவிருக்கிறதா? நீல நிறத் தலையும் அதில் 15 ஊசியும் வைத்த ஒயர். 1987இல் ஐ.பி.எம். கொண்டு வந்த வி.ஜி.ஏ. அதில் படம் மட்டும்தான் போகும். சத்தத்துக்குத் தனி ஒயர், பச்சை வளையம் போட்ட துளை. படத்தை ஒருபக்கம் அனுப்பினேன், சத்தத்தை வேறுபக்கம் அனுப்பினேன் என்றால் இரண்டும் என் கை செய்த வேலை. மேசைக்கு அடியில் ஒயர் சிக்கு விழும், வாஸ்தவம். ஆனால் எது எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. வந்தது. சோனி, பிலிப்ஸ், தோஷிபா என்று 7 நிறுவனங்கள் சேர்ந்து செய்தவை. பிரான்சின் தொம்சோனும் அதில் உண்டு. 19 ஊசி, ஒரே ஒயர், படமும் சத்தமும் சேர்ந்தே போகும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. பெரிதெல் என்று 21 ஊசி வைத்த பெரிய தட்டைப் பிளக் ஒன்றை எழுபதுகளின் கடைசியிலேயே செய்துவிட்டார்கள். பிரான்சில் விற்கும் டி.வி.களில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்று 1980 வாக்கில் சட்டமும் போட்டார்கள். அதிலும் படமும் குரலும் ஒன்றாகத்தான் போகும். அதிலும் ஒரு தானியங்கி வேலை உண்டு: 8ஆம் ஊசி. வீடியோ டெக்கில் கேசட்டை ஓடவிட்டால் அந்த ஊசியில் மின்னழுத்தம் ஏறும், டி.வி. தான் காட்டிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு டெக்குக்கு மாறிக்கொள்ளும்.

அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் அங்கே ஒரு மனிதர் பொத்தானை அழுத்தியிருக்கிறார். 'கேசட் பார்க்கப் போகிறேன்' என்று அவர் சொல்லிவிட்டார், டி.வி. கீழ்ப்படிந்தது. இன்றைய கம்ப்யூட்டரில் நான் எந்தப் பொத்தானை அழுத்தினேன்? ஒயரைச் செருகினேன், அவ்வளவுதான். சில புது மாதிரிகளில் அது கூட இல்லை: மானிட்டரிலிருந்து வரும் ஒரே ஒயர் லேப்டாப்பைச் சார்ஜும் செய்கிறது, படத்தையும் வாங்குகிறது, கேட்காமலே சத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது. சார்ஜ் போட்டதற்குக் குரல் போன கதை.

ஸ்பீக்கர் இல்லாத மானிட்டர் எப்படிச் சத்தம் கேட்டது என்பதற்கு வருகிறேன். திரையை இணைத்ததும் அது கம்ப்யூட்டருக்குத் தன் பயோடேட்டாவை அனுப்புகிறது. இ.டி.ஐ.டி. என்று பெயர். 128 பைட்டில் ஆரம்பம், அதற்கு மேல் இணைப்புத் தாள்கள். 'நான் இன்ன கம்பெனி, என் அளவு இவ்வளவு, இத்தனை புள்ளிகள் காட்டுவேன்' என்று எழுதியிருக்கும். ஒலி தெரிந்த திரையாக இருந்தால் இணைப்புத் தாளில், 'எனக்கு இன்னின்ன வகைச் சத்தமும் வாங்கத் தெரியும்' என்றும் இருக்கும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது, பின்பக்கம் ஹெட்ஃபோன் செருகும் துளை ஒன்று மட்டும் இருக்கும். அந்தத் துளையை நம்பி, 'எனக்குப் பாட்டு வரும்' என்று பயோடேட்டாவில் எழுதிவிடுகிறார்கள். துளையில் யாராவது எதையாவது செருகியிருக்கிறார்களா என்று கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. எழுதியிருக்கிறது, ஆகவே பாடும்.

அரசாங்கத்தில் 30 வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவன் நான். பயோடேட்டாவில் எழுதியதை அப்படியே நம்பி உத்தரவு போட்ட அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. அசல் சான்றிதழ் எங்கே என்று கேட்போம். அதைவிட முக்கியம், பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அன்றைக்கே எல்லாருடைய கோப்பையும் தூக்கி அவர் மேசையில் வைக்க மாட்டோம். கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவரிடமே இருக்கும். மாற்ற வேண்டுமானால் மேலதிகாரி எழுத்தில் உத்தரவு போட வேண்டும். இந்த இயந்திரமோ, கடைசியாக உள்ளே வந்தவனே மூத்தவன் என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது. அதிலும் முழுக் கோப்பையும் மாற்றுகிறதா என்றால் அதுவும் இல்லை. டி.வி.யில் மைக் இல்லை, அதனால் என் பேச்சு ஹெட்ஃபோன் மைக் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தின் பேச்சு மட்டும் டி.வி.யில் கிளம்பும். வாய் இங்கே, காது அங்கே. டி.வி.யிலிருந்து வரும் பேத்தியின் குரலை என் மைக் பிடித்து அவளுக்கே திருப்பி அனுப்பும். "தாத்தா, நான் பேசுறது எனக்கே கேக்குது" என்பாள்.

குரல் வராமல் போவதைவிட, வரக் கூடாத இடத்தில் வருவது இன்னும் மோசம். 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட பிறகு, டாக்டரிடம் வீடியோவில் பேசுவது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. என் நண்பர் ஒருவர் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கேன் அறிக்கையைப் பெரிதாகப் பார்க்கலாம் என்று டி.வி. ஒயரை எடுத்து லேப்டாப்பில் செருகினார். அதுவரை காதுக்குள் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்த டாக்டர் கூடத்துக்கு நடுவில் முழங்க ஆரம்பித்துவிட்டார். புரோஸ்டேட் பற்றி, ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பது பற்றி, இன்னும் சிலது பற்றி. மருமகள் அடுப்படியில் இருக்கிறாள். சிலிண்டர் கொண்டுவந்த பையன் வாசலில் நிற்கிறான். நண்பர் என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனுஷன் வீடியோவில் டாக்டரிடம் பேசுவதையே விட்டுவிட்டார். ஆட்டோ பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, அரை நாள் செலவழித்துப் போய்ப் பார்த்து வருகிறார். வெட்கத்துக்கு அவர் கொடுக்கிற விலை அது.

செல்போன் செய்கிறவர்களுக்கு இந்த மரியாதை எப்போதோ தெரிந்திருக்கிறது. போனில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒயர் தவறிக் கழன்றால் பாட்டு நின்றுவிடுகிறது. பஸ்ஸில் எல்லார் நடுவிலும் அலறக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். காதுக்குள் இருந்த சத்தம் சொல்லாமல் வெளியே போவது ஒருவனுக்கு அவமானம் என்பது போனுக்குத் தெரிகிறது. அதைப்போல் எத்தனையோ மடங்கு விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய வந்த ஒரு தம்பியிடம் வாதாடிப் பார்த்தேன். "சார், டி.வி.ல படம் போட்டா டி.வி.லதானே சத்தம் வரணும்? முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க" என்றார். சினிமா பார்ப்பதற்கு என்றால் அவர் சொல்வது நியாயம், மறுக்க மாட்டேன். எம்.ஜி.ஆர். டி.வி.யில் சண்டை போட, கத்திச் சத்தம் லேப்டாப்பில் கேட்டால் நன்றாகவா இருக்கும்? ஆனால் டி.வி.யைக் கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர்கள் எல்லாரும் சினிமாதான் பார்க்கிறார்களா? பேத்தியைப் பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம், பத்திரம் படிக்கிறோம். அதற்கும் மேல், அந்த நிமிஷம் ஒருவர் ஹெட்ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது கம்ப்யூட்டருக்கே தெரியும். பேச்சு நடுவில் இருப்பவரிடமிருந்து குரலைப் பிடுங்குவதை எந்த முக்கால்வாசிப் பேர் எதிர்பார்க்கிறார்கள்?

"செட்டிங்ஸ்ல மாத்திக்கலாமே சார்" என்பது அடுத்த பதில். மாற்றலாம். அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'டி.வி.', 'ஹெட்ஃபோன்' என்று வெறுமனே இருந்தால் போதும், இல்லை. ஒலிச் சில்லு செய்த கம்பெனியின் பெயர், படச் சில்லு செய்த கம்பெனியின் பெயர், நடுவில் ஓர் எண், பின்னால் ஹை டெஃபனிஷன் என்று ஒரு வால். எழுபது வயதில் இதில் எது என் காது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்து மாற்றினாலும், வேறொரு துளையில் ஒயரைச் செருகினால் அதைப் புது ஆள் என்று எண்ணிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற கம்ப்யூட்டர்களும் உண்டு.

இது மாற்ற முடியாத இயற்கை நியதி என்று யாரும் நினைக்க வேண்டாம். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஒலியைக் கவனித்துக்கொள்ளும் பல்ஸ்ஆடியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2020இல் வந்த அதன் 14ஆம் பதிப்பில், எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகியதும் சத்தம் தானாக அங்கே தாவுகிற வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். வேண்டும் என்கிறவர் மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்கிறவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இலவசமாக எழுதிக் கொடுக்கிறவர்கள் திருந்திக்கொண்டார்கள். காசு வாங்குகிறவர்களுக்கு என்ன தடை?

எனக்குப் பிரெஞ்சில் படித்த காலத்து ஞாபகம் ஒன்று வருகிறது. பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு ஒர்தினாத்தேர் என்று பெயர். 1955இல் ஐ.பி.எம்.மின் பிரான்சுக் கிளை தன் புது இயந்திரத்துக்குப் பெயர் தேடியபோது ழாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். உலகத்தை ஒழுங்காக வைக்கும் கடவுளைக் குறிக்கும் அடைமொழியாக லித்ரே அகராதியிலேயே இருக்கிறது என்று அவர் தம் கடிதத்தில் எழுதினார். இதற்கு உறவான வினைச்சொல் ஒர்தோன்னே. லிசேயில் திக்தே எழுதிக் கை வீங்கியவர்களுக்குத் தெரியும், அதற்கு இரண்டு பொருள்: ஒழுங்கு செய்வது ஒன்று, கட்டளை இடுவது ஒன்று. நாம் காசு கொடுத்து வாங்கியது ஒழுங்கு செய்கிற ஒர்தினாத்தேரை. வீட்டுக்கு வந்த பிறகு அது இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டது.

நான் கேட்பது அதிகமில்லை. புது திரை வந்தால் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். 'இதிலும் ஸ்பீக்கர் இருப்பதாகத் தெரிகிறது, சத்தத்தை இங்கே மாற்றவா?' என்று தமிழிலோ இங்கிலீஷிலோ பெரிய எழுத்தில் ஒரே ஒரு முறை கேட்கட்டும். நான் சொன்ன பதிலை அந்தத் திரைக்கென்று எழுதி வைத்துக்கொள்ளட்டும், எந்தத் துளையில் செருகினாலும். ஒவ்வொரு முறையும் கேட்டு உயிரை எடுக்கவும் வேண்டாம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எக்காரணம் கொண்டும் குரலை நகர்த்தக் கூடாது. இதைச் செய்ய ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை, நல்ல தலைமை எழுத்தர் ஒருவர் போதும்.

அவர்கள் செய்யும் வரை நாம் சும்மா இருக்க முடியாதே. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் என்பதைத் திறந்து, பிளேபேக் பக்கத்தில் டி.வி. அல்லது மானிட்டர் படம் போட்ட வரியின் மேல் மௌஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, டிஸேபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் போகும், சத்தம் போகாது. பேச்சுக்கு ஜூம் பயன்படுத்துகிறவர்கள், அதன் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் 'சேம் ஆஸ் சிஸ்டம்' என்றிருப்பதை மாற்றி உங்கள் ஹெட்ஃபோன் பெயரையே வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் எங்கே தாவினாலும் ஜூம் தாவாது. புது மானிட்டர் வாங்கப் போனால் கடைக்காரரிடம், "ஸ்பீக்கர் இருக்கிறதா, வெறும் ஹெட்ஃபோன் துளைதானா?" என்று கேட்டு வாங்குங்கள்.

டிஸேபிள் செய்த டி.வி.யில் எப்போதாவது பழைய படம் பார்க்க ஆசைப்பட்டால் அதே இடத்தில் எனேபிள் செய்ய வேண்டும். சில கம்ப்யூட்டர்களில் அந்த வரியே காணாமல் போயிருக்கும். பயப்படாதீர்கள். பட்டியலின் வெற்றிடத்தில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'ஷோ டிஸேபிள்ட் டிவைசஸ்' என்பதில் டிக் போட்டால் மறைந்தது வெளியே வரும். கோப்பை இப்படி ஒளித்து வைத்த எழுத்தருக்கு எங்கள் காலத்தில் அன்று மாலைக்குள் மெமோ வந்துவிடும்.